புதுப்பிப்பு: நியூகாசில் – ஆம்ஸ்டர்டாம் கப்பலில் அம்மாவுக்குக் குமட்டல்

வட கடலைக் கப்பலில் கடந்தால் அம்மாவுக்குக் குமட்டல் வருமே, என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, நல்லபடியாகப் போய் வந்துவிட்டோம்.

கைகொடுத்தது, கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுக்கச் சொன்ன யோசனைதான். ஆட்டம் அங்கே குறைவு. நள்ளிரவில் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் லேசாக நடுங்கியதே தவிர உருளவில்லை, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரையும் போட்டிருந்ததால் அம்மா விடியும்வரை தூங்கினார்.

எதிர்பாராதது ஒன்று: கப்பல் கிளம்பியதும் கார் தளத்தைப் பூட்டிவிடுகிறார்கள், அம்மாவின் ஸ்வெட்டர் காரிலேயே மாட்டிக்கொண்டது, அதனால் இரவுக்கு வேண்டியதைத் தனிப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இறங்குவது ஆம்ஸ்டர்டாமில் இல்லை, ஐமாய்டன் என்ற துறைமுக ஊரில். அங்கிருந்து நகரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர். இங்கிலாந்திலிருந்து நெதர்லாந்துக்குப் போவதால் கடிகாரத்தையும் 1 மணி நேரம் முன்னே தள்ளி வையுங்கள்.