கொடிமலைக்கு முதல் தடவை நடந்து ஏறப் போகிறோம், வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து பினாங்கு கொடிமலைக்கு நடந்தே ஏறலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். யாரும் இதுவரை மலை ஏறியதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 500-க்கும் மேற்பட்ட படிகளை ஏறிய பழக்கம்தான். கொடிமலையோ 833 மீட்டர். அது வேறு கணக்கு.

எங்களுக்குத் தெரிந்து இரண்டு பாதைகள். தாவரவியல் பூங்காவிலிருந்து போகும் ஜீப் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். தார் போட்டது, வழி தவறாது, ஆனால் செங்குத்து. மூன் கேட் என்ற வட்ட வாயிலில் தொடங்கும் வழி காட்டுக்குள் போகிறது. எனக்கு நிழலுள்ள காட்டுப் பாதைதான் பிடிக்கிறது. ஆனால் எங்களில் ஒரு தோழிக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் வைத்திருப்பாள். அவளை நடுவழியில் தவிக்க விடக்கூடாது என்பதுதான் என் பெரிய கவலை. மூச்சு வாங்கினால் பாதியில் நின்று திரும்ப எந்தப் பாதை வசதி? ஆஸ்துமாவோடு ஏறியவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். டாக்டரையும் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

அப்புறம் காலணி. கம்போங் அடிடாஸ் ரப்பர் காலணியே போதுமா? மழை பெய்த மறுநாள் அட்டைப்பூச்சிக் கடிக்கு என்ன செய்வீர்கள்? ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்?

இறங்கும்போது ரயில்தான், முழங்காலைச் சோதிக்க விருப்பமில்லை. விடுமுறை நாளில் மேலே டிக்கெட் வரிசை எந்த நேரத்தில் குறைவு?