மறு: வகுப்பின் பெயர் மாறினால் அமைவுக் கோப்பு? சொல் வேண்டும்

அண்ணா, வணக்கம். நிரலில் ஒரு வகுப்பின் (class) பெயர் மாறும்போது, அதைக் குறிப்பிடும் அமைவுக் கோப்பிலும் (configuration file) திருத்துவதற்கு என்ன தமிழ்ச்சொல் என்ற பேச்சில் நீங்கள் கேட்டது:

> ரீஃபாக்டரிங்குக்கு 'மறுசீரமைப்பு' இருக்கிறதே. அமைவுக் கோப்பில் பெயர் மாற்றத் தனிச்சொல் எதற்கு?

உங்கள் கேள்வியின் முதற்பாதியிலேயே எனக்கு அரைச் சம்மதம்தான். நம் பத்திரிகைகளில் கல்வி மறுசீரமைப்பு என்றால் விளைவே மாறவேண்டும். ரீஃபாக்டரிங்கில் உள்ளே எப்படிக் கலைத்து அடுக்கினாலும் நிரலின் வெளிநடத்தை மாறக்கூடாது. 1992 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஒப்டைக் எழுதிய முனைவர் ஆய்வேடு இந்த நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது. சரி, சொல் பரவிவிட்டது, சண்டை பிடிக்கவில்லை.

தனிச்சொல்லைத்தான் விடமாட்டேன். எக்லிப்ஸ் என்னும் நிரலெழுதும் கருவியில் ஒரு ஜாவா வகுப்பின் பெயரை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் ஜாவாக் கோப்புகள் கூடவே திருந்தும். ஸ்பிரிங் என்னும் ஜாவாச் சட்டகத்தின் எக்ஸ்எம்எல் அமைவுக் கோப்பில் பீனுக்கு (ஸ்பிரிங் உருவாக்கித் தரும் பொருளுக்கு) எழுதிய வகுப்புப் பெயரோ, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலருக்குக் கண்ணில் படாத எழுத்துச்சரம். கம்பைல் சுத்தமாக முடியும்; ஓடும்போதுதான் 'வகுப்பைக் காணோம்' என்று விழும். நிலாவெளி வீதிக்குப் புதுப்பெயர்ப் பலகை நட்டுவிட்டு, தபால்காரரிடம் சொல்லாமல் விட்ட கதை.

'தேடி மாற்றல் என்றே சொல்லலாமே' என்பீர்கள். எக்லிப்ஸின் பெயர்மாற்றப் பெட்டியில் அப்படி ஒரு தெரிவு உண்டு: ஜாவா அல்லாத கோப்புகளிலும் முழுப்பெயரை (பொதியின் பெயரோடு சேர்ந்த வகுப்புப் பெயரை) தேடி மாற்றும். ஆனால் ஜாவா வகுப்புகளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஹைபர்னேட்டின் கோப்பில், தலையில் பொதியின் (package, வகுப்புகளின் தொகுதி) பெயரை ஒருமுறை எழுதிவிட்டு, கீழே வகுப்பின் குறும்பெயரை மட்டும் வைக்கலாம். அது இந்தத் தேடலில் தப்பிவிடும். கோப்பின் இலக்கணம் தெரிந்த செருகுநிரல் (plugin) பெயர்மாற்றத்தில் தானும் பங்கெடுத்தால்தான் பிடிபடும். எழுத்தைப் பார்ப்பதும் சுட்டப்படும் வகுப்பை அறிவதும் வேறு வேறு வேலை, அண்ணா.

ஆகவே என் முன்மொழிவு: 'பெயர்ச்சுட்டுத் திருத்தம்'. வகுப்பின் பெயர் ஏற்கெனவே மாறிவிட்டது. இங்கே திருத்துவது அதைச் சுட்டும் இடங்களை. 'பெயர்மாற்றப் பரவல்' என்பதையும் யோசித்தேன். கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னபோது, டெங்கு அறிவித்தலா என்று சிரித்தார்கள். விட்டுவிட்டேன்.

மெனுவில் நீளம் என்றால் 'சுட்டுத் திருத்தம்' என்று வெட்டலாம். 'சுட்டி' ஏற்கெனவே மவுஸுக்குப் போய்விட்டதால், ஆவணங்களில் முழுச்சொல்லே வரட்டும். 'அமைவுக் கோப்பு' வேண்டாம், 'உள்ளமைவு' என்போர் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து