கலைச்சொல் தேவை: குறைமாதக் குழந்தை உடலில் மருந்தின் 'கிளியரன்ஸ்'

காட்பாடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை வேலூரில் அச்சுக்குப் போகிறது. 'கிளியரன்ஸ்' (உடல் ரத்தத்திலிருந்து மருந்தை அகற்றும் வீதம்) வரும் இடமெல்லாம் வரைவில் 'வெளியேற்றம்' என்றிருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். வார்டில் வெளியேற்றம் என்றால் சிறுநீர்தான். 28 வாரத்தில் பிறந்த குழந்தை நன்றாகவே சிறுநீர் கழிக்கும். ஆனால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் மிகக் குறைவு. ஜென்டாமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ரத்தத்திலேயே தேங்கும். அதனால்தான் முதல் வாரத்தில் கிலோவுக்கு 5 மி.கி. போட்டால் அடுத்த வேளை 48 மணி கழித்து. 'வெளியேற்றம் நன்றாக இருக்கிறதே' என்று 24 மணியில் போட்டால் காதும் சிறுநீரகமும் கெடலாம்.

ஆரணியிலிருந்து:
ஐயா, 'தெளிவு' கையில் இருக்க வேறெங்கே தேடுவது? கிளியரன்ஸ் என்பது போகும் மருந்தின் எடையல்ல. குறித்த நேரத்தில் எவ்வளவு பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) மருந்தற்றுத் தெளிகிறது என்னும் பருமன், அதாவது கன அளவு. தெள், தெளி, தெளிவு, தெண்ணீர், தெருள் எல்லாம் ஒரு வேர்க் குடும்பம். தேறு, தேற்று என்பவையும் அதைச் சேர்ந்தவையே என்பேன். தேற்றாங்காழ், அதாவது தேற்றாங்கொட்டை, இட்டுக் கலங்கல் நீரைத் தெளிய வைப்பது கலித்தொகையிலேயே உவமையாக வருகிறது. 'தெளிவீதம்' வினைத்தொகை, ஒற்று மிகும் தொல்லையும் இல்லை.

குடியாத்தத்திலிருந்து:
அண்ணா, தேற்றாங்கொட்டை வண்டலை அடியில் படிய வைக்கும். வண்டல் குடத்திலேயே கிடக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், 'மயக்கம் தெளிந்தது' என்று வார்டில் நாள் முழுக்கச் சொல்கிறோம். 'குழந்தைக்குத் தெளிவீதம் குறைவு' என்று எழுதினால் நினைவு மங்கியிருக்கிறது என்றுதான் படிப்பார்கள். 'கிளியரன்ஸ்' என்றே தமிழில் எழுதுங்கள். இரவு 2 மணிக்கு மருந்து ஏற்றுகிற பெண்ணுக்குப் புரிவதே முக்கியம்.

வாலாஜாவிலிருந்து:
புரிய வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை, அம்மா. ஆனால் டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டி வாங்குவதையும் கிளியரன்ஸ் என்றுதானே சொல்கிறோம்? 'நீக்க வீதம்' போதும். நீங்கு தன்வினை, நீக்கு பிறவினை. மருந்து தானாக நீங்குவதில்லை; ஈரலும் சிறுநீரகமும் நீக்குகின்றன. குறைமாதத்தில் முதிராதிருப்பது அந்தத் திறன்தான். ஈரல் மருந்தை வேறு பொருளாக மாற்றிவிட்டாலும் அது நீக்கமே, அந்தப் பொருள் உடலுக்குள் இருந்தாலும்கூட. குளோராம்பெனிக்கால் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை குளுக்குரானிக் அமிலத்தோடு இணைக்கும் ஈரல் நொதி போதாமல்தான் பச்சிளங்குழந்தைகள் வயிறு உப்பி, சாம்பல் பூத்து, ரத்த அழுத்தம் சரிந்து இறந்தன. 'வெளியேற்றம்' என்ற சொல்லில் ஈரலுக்கு இடமே இல்லை.

காட்பாடியிலிருந்து:
'அரை ஆயுள்' (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) வேறு இதோடு குழம்புகிறது. குறைமாதக் குழந்தைக்கு மூச்சு நிற்காமலிருக்கக் கொடுக்கும் காஃபீனை எடுத்துக்கொள்வோம். 1 கிலோ குழந்தைக்குப் பரவல் பருமன் (மருந்து உடலில் பரவியிருப்பதாகக் கணக்கிடும் கன அளவு) ஏறத்தாழ 900 மி.லி., நீக்க வீதம் மணிக்கு 7 மி.லி. என்றால், அரை ஆயுள் 0.693 × 900 ÷ 7 = 89 மணி. வளர்ந்தவர்களுக்கு 5 மணி அளவே. அதனால் முதலில் கிலோவுக்கு 20 மி.கி. காஃபீன் சிட்ரேட் (காஃபீனின் உப்பு வடிவம்) கொடுத்தபின், தினம் ஒரு வேளை 5 முதல் 10 மி.கி. போதுமானது. மருந்தை நிறுத்திய மறுநாளே வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. ரத்தத்தில் இன்னும் இருக்கும். 5 முதல் 7 நாளாவது மூச்சு நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். 20 மி.கி. சிட்ரேட்டில் காஃபீன் 10 மி.கி.தான் என்பதையும் சேர்க்கிறேன். குப்பியில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்காவிட்டால் அளவு இரட்டிப்பாகும்.

ஆரணியிலிருந்து:
கணக்கு சரி. ஆனால் 'நீக்கம்' என்றதும் பணிநீக்கம், பெயர் நீக்கம் போல முழுதாக எடுத்துவிடுவதுதான் மனதில் வரும். பருமன் என்ற கருத்து அதில் இல்லை. தெளிவீதத்தை நான் கைவிடவில்லை.

காட்பாடியிலிருந்து:
இதுவரை நால்வர் 'நீக்க வீதம்', இருவர் 'தெளிவீதம்', ஒருவர் 'கிளியரன்ஸ்'. கையேட்டில் 'நீக்க வீதம்' போகட்டும். பருமன் புலப்பட, வரும் இடமெல்லாம் 'கிலோவுக்கு, மணிக்கு இத்தனை மி.லி.' என்று அலகையும் சேர்க்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து:
சுவரில் ஒட்டும் மருந்து அட்டவணையிலாவது அடைப்புக்குறிக்குள் 'கிளியரன்ஸ்' இருக்கட்டும். அது இல்லாமல் ஒட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.