சுடாத ரிவால்வருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைப்பு?

வணக்கம். வேலூர்ப் பக்கம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன்மார்கள் நிறையப் பேர் இந்தக் குழுவில் இருப்பதால் கேட்கிறேன்.

என்னிடம் இருப்பது கான்பூரில் செய்த .32 ரிவால்வர். அப்பா வைத்திருந்தது, இப்போது உரிமம் என் பெயரில். நான் சுடுவது அபூர்வம். அப்பாவோ சுட்டாலும் சுடாவிட்டாலும் வாராவாரம் துடைப்பார். எனக்குத் தெரிந்த ஒருவர், "சும்மா இருக்கிற குழலைத் தேய்க்காதே, உள்ளே வெட்டியிருக்கும் சுழல் வரிகள் தேய்ந்துபோகும்" என்கிறார். யார் சொல்வது சரி?

துடைக்கும் கோலை நான் குழலின் முன்வாய் வழியாகத்தான் விடுகிறேன். அந்த விளிம்பில் கோல் உரசினால் குறி தவறும் என்பது எனக்கும் தெரியும். பித்தளைப் பிரஷ் போதுமா, வெறும் ஃபிளானல் துணியே போதுமா?

இன்னொன்று. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது, சிலிண்டரின் பின்னால் தோட்டாவைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் மிளகளவு துருப்புள்ளி. தோல் உறையோடு கொடுத்திருந்தேன், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் அல்லவா. எண்ணெய் தொட்டுத் துடைத்தேன், கறை மட்டும் நிற்கிறது. உப்புத்தாள் போடப் பயம்.

நம் ஊர் வெயிலில் எண்ணெய் அதிகமானால் புழுதி ஒட்டிப் பசையாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கோ எண்ணெய் இல்லாமல் முடியாது. நீங்கள் எவ்வளவு பூசுகிறீர்கள்? தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் கை வைக்கிறேன், அந்த அறிவுரை மட்டும் வேண்டாம் அண்ணா!