நல்ல படைத் தலைமையை எங்க பாத்தீங்க? – அனுபவப் பகிர்வு

ஊவாக்காரன்:
மண்சரிவு நடந்த எடம் எப்படியிருக்கும்னு மலைநாட்டு ஆளுங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. பொதைஞ்சவங்களை மீட்க வந்த ராணுவ லெப்டினன்டுக்கு இருபத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். மம்பட்டி மண்ணுல படுறதுக்கு முந்தியே ஒரு சிப்பாயை விசிலோட மேல அனுப்பிட்டாரு. அந்த ஆளுக்கு ஒரே வேலை, வெடிச்சு நிக்கிற மண்ணையே பாக்கணும். கீழ தோண்டுறத எட்டிக்கூடப் பாக்கக்கூடாது. மூணு நீள விசில் கேட்டா எல்லாத்தையும் போட்டுட்டுப் பக்கவாட்டுல ஓடணும், பள்ளத்துப் பக்கம் ஓடக்கூடாது. அரை மணிக்கு ஒருக்கா மேல நிக்கிற ஆளை மாத்தினாரு. ஒரே எடத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு அசந்திரும்.

இன்னும் மனசை விட்டுப் போகாதது வேற. கையைத் தூக்கினாரு, மண் தோண்டுற பெக்கோ மெசின் நின்னிச்சு. அழுதுகிட்டு இருந்த சனம்கூட அடங்கிருச்சு. அவர் சேத்துல குப்புறப் படுத்து, உள்ளயிருந்து சத்தம் ஏதும் வருதான்னு காதை வச்சாரு. ரெண்டு நிமிசம். எழும்பி, ரெண்டடி தள்ளிப் படுத்து மறுபடியும் காதை வச்சாரு.

டிக்கோயா ரிடயர்ட்:
விசிலும் அமைதியும் பயிற்சியில வாறது தம்பி. தலைமை தெரியிறது சாப்பாட்டு நேரத்துல. நான் சொல்றது வேறொரு முகாம். காவல் நின்ன ஆறு பேருக்குச் சோத்துப் பார்சல் பத்தல. அதிகாரி தன்னோடத எடுத்துக் குடுத்துட்டாரு. அத எல்லாரும் பெரிசாச் சொல்லுவாங்க, எனக்கு அது பெரிசில்ல. ராத்திரிச் சாப்பாட்டு லொறி வந்ததும் டோர்ச்சை வாயில கவ்விக்கிட்டு, குந்தியிருந்து பார்சலை ஒவ்வொண்ணா எண்ணினாரே, அதுதான் தலைமை. காவல்காரங்க பங்கு மொதல்ல ஒதுக்கணும், அப்புறம் இளையவங்க, கடைசியா அதிகாரி. கடைசியில நிக்கிறவருக்குத்தான் பத்துச்சா இல்லையான்னு கண்ணால தெரியும்.

பேராதனை வாசகன்:
ரிடயர்ட் ஐயா, எண்ணிப் பாக்கிறதுதான் முக்கியம்னா தம்பி சொன்ன விசில்காரரும் அதுக்குள்ளதானே வாறாரு? ரெண்டும் சரிபாக்கிற வேலைதான். ரெண்டாம் உலகப் போர்ல தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைக்குத் தலைவரா இருந்த மவுண்ட்பேட்டன், 1944 ஏப்ரல்ல தன்னோட தலைமையகத்தை நம்ம பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தாரு. அதுக்குக் கீழ பர்மாப் பக்கம் சண்டை செஞ்ச 14ஆம் படைக்குத் தளபதி வில்லியம் ஸ்லிம். 1943ல அந்தப் போர்முனையில காயத்தோட ஒருத்தரை சிகிச்சைக்குப் பின்னுக்கு அனுப்பினா, நோயோட 120 பேரை அனுப்ப வேண்டியிருந்திச்சு. மலேரியாவுக்கு மெபக்ரின் மாத்திரை இருந்தும், அது ஆண்மையைக் கெடுக்கும்னு வதந்தி, ஆளுங்க முழுங்கல. ஸ்லிம் சொல்லாம கொள்ளாம பிரிவு பிரிவாச் சோதிக்க வச்சாரு. மாத்திரை முழுங்கினவங்க 95 சதவீதத்துக்குக் கீழ போனா சிப்பாய்க்குத் தண்டனை இல்ல, பிரிவுத் தளபதிக்கு வேலை போச்சு. மூணு பேரை நீக்கினதோட மத்தவங்களுக்கு விளங்கிருச்சு. முன்னணிப் படைக்கு அரைப் பங்கு சாப்பாடுன்னா தன்னோட தலைமையகத்துக்கும் அரைப் பங்குதான்.

லிந்துலை:
யாரும் கேக்கலதான், ஆனா கட்டளை குடுக்கிறதப் பத்திச் சொல்லியே ஆகணும். ஒரு கேப்டன் "வெளங்கிச்சா?"ன்னு கேட்டாரு, முப்பது தலையும் ஆடிச்சு, அரை மணியில ரெண்டு கூட்டம் ஒரே ஓடையில போய் நின்னிச்சு. அதனால இளம் பிள்ளைங்களுக்குச் சொல்றேன். கையில மூணு மணி நேரம் இருந்தா உங்க திட்டத்துக்கு ஒரு மணிதான், மிச்சம் ரெண்டும் கீழ உள்ளவங்க தயாராக. தரையில மண்ணைக் குவிச்சு மலை, ஓடை, பாதை காட்டுங்க. நிலைமை, பணி, செய்யிற விதம், சாப்பாடு மருந்து, யாருக்குப் பிறகு யார் பொறுப்பு, இந்த ஒழுங்கு மாறக்கூடாது. பணியை மட்டும் ரெண்டு தடவை சொல்லுங்க. பிறகு ஆகச் சின்னவரை எழுப்பி "நீ எங்க நிக்கணும், எப்ப கெளம்பணும்?"னு கேளுங்க. அவர் தடுமாறினா பிழை உங்களோடது. நடையில மொத நிறுத்தம் பதினஞ்சு நிமிசத்துல, வார், சப்பாத்து சரிபண்ண. அப்புறம் மணிக்கு ஒருக்கா பத்து நிமிச ஓய்வு. மெதுவா நடக்கிறவரை முன்னுக்குப் போடுங்க. பின்னுக்குப் போட்டா மூடுபனியில வரிசை அறுந்து போகும், முன்னுக்குப் போறவருக்கு அது தெரியவும் தெரியாது.

ஊவாக்காரன்:
எல்லாம் சரி அண்ணே. ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. அந்த லெப்டினன்டுக்குத் தமிழ் தெரியாது. வரைபடத்தை விரிக்கிறதுக்கு முந்தி, தமிழ் தெரிஞ்ச ஆளைத்தான் தேடினாரு. லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுல, மிஞ்சின ஒரு பாட்டியை உக்கார வச்சு, எந்தக் காம்பரா அறையில எத்தனை பேர் படுப்பாங்கன்னு கேட்டாரு. பாட்டி குச்சியால சேத்துல கோடு போட்டு, இஸ்தோப்புத் திண்ணை எங்க, அடுப்படி எங்கன்னு காட்டிச்சு. ஓடைத் தண்ணி திடீர்னு கலங்கினாலோ நின்னாலோ ஓடணும்னும் சொல்லிச்சு. உடனே ஓடையோரத்துக்கும் விசிலோட ஒருத்தர் போனாரு. தோண்டுறவங்களை அந்தக் குச்சிக் கோட்டைப் பாத்து எடம் மாத்தி நிறுத்தினாரு.