புதுப்பிப்பு: தம்பியின் தலை வியர்வைக்குக் காரணம் கிடைத்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: மரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட தம்பிக்கு, ஹட்டன் பக்க விடியற்காலைக் குளிரிலும் முகமும் தோளும் மட்டும் தெப்பமாய் நனைகிறதே, ஏன் என்று. அம்மா பயக்குணம் என்று திருநீறு பூசிக்கொண்டிருந்தார்.

காரணம், சிறுநீர் இறங்கப் போட்டிருக்கும் குழாய் (கதீட்டர்). திருப்பிப் படுக்க வைக்கும்போது தொடைக்கு அடியில் மடங்கியிருக்கிறது. சிறுநீர்ப் பை (வெளியே தொங்குவது) காலி, உள்ளே தேங்கி அடிவயிறு கல் மாதிரி.

நெஞ்சுப் பகுதியின் 6ஆம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இது வருமாம்; ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா (autonomic dysreflexia) என்கிறார்கள். கீழே உறுத்துவது அவனுக்குத் தெரியாது. ஆனால் நரம்புகள் தாமாகவே கிளம்பி இரத்தக் குழாய்களை இறுக்கும், பிரஷர் ஏறும். அடங்கச் சொல்லி மூளை அனுப்பும் உத்தரவு அடிபட்ட இடத்தைத் தாண்டாது. மேலே முகம் சிவந்து, தலை இடித்து, வியர்த்துக் கொட்டும். கீழே தோல் வெளிறிச் சில்லிட்டிருக்கும்.

வழக்கமாக மேல் பிரஷர் 100 காட்டுகிறவனுக்கு அன்று 150. முதலில் பார்த்த இடத்தில் "இது பெரிய பிரஷரா?" என்று அனுப்பிவிட்டார்கள். இவர்களுக்கு வழக்கத்தைவிட 20, 40 கூடினாலே அவசரம். பக்கவாதம் வரை போகலாம்.

சரி, போன பதிவில் அவனைப் படுக்க வைக்கச் சொன்னவர்களுக்கு: வேண்டாம், படுத்தால் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, குழாயைப் பார்க்கிறோம். அப்புறம் மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம்கூட இதைக் கிளப்பலாம் என்பதால் அவற்றையும் பார்க்கிறோம். அப்படியும் இறங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

இப்போது இரவில் இரண்டு முறை எழுந்து குழாயைத் தடவிப் பார்ப்பது அம்மாதான். திருநீறும் நிற்கவில்லை.