வாட்ஸ்அப் வைத்தியம்: தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கத்து அனுபவங்கள்

சனிக்கிழமை டீச்சர் (சாட்ஸ்வொர்த்)

தமிழ் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு வேலை செய்தோம். புரட்டாசிச் சனிக்கிழமை, பூசை முடிந்து சாப்பாடும் ஆன பிறகு. ஆயாவோ தாத்தாவோ தங்கள் போனுக்கு வந்த மருத்துவ வீடியோ ஒன்றைக் காட்ட வேண்டும். யார் சொல்கிறார், எங்கிருந்து, எப்போது என்று பேரப்பிள்ளை தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே நம் நிலைமைதான் தெரியுமே: ஆயாவுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேரனுக்கு இங்கிலீஷ்தான் வாசிக்க வரும். தனியாக விட்டால் இரண்டு பேருமே ஏமாறுவார்கள். சேர்த்து உட்கார வைத்தால்தான் வேலை நடக்கிறது.

ஒரு ஆயா காட்டியது தமிழ்நாட்டு டாக்டர் ஒருவரின் வீடியோ. நல்ல வீடியோ, தப்பே கிடையாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 140-க்குள் இருந்தால் கவலை வேண்டாம் என்கிறார். ஆயாவின் மீட்டரில் 14. "எனக்கு ரொம்பக் குறைச்சல்மா, அதான் டீயில சீனி கூடப் போட்டுக்கிறேன்" என்றார். டாக்டர் சொன்னது மில்லிகிராம் கணக்கு. நம் கிளினிக்கிலும் மீட்டரிலும் மில்லிமோல் கணக்கு, அது வேறு அலகு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால்தான் டாக்டர் கணக்கு வரும். பேத்தி கால்குலேட்டரைத் தட்டி 252 என்று காட்டியதும் ஆயா டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். திங்கட்கிழமை விடியற்காலையிலேயே கிளினிக் வரிசையில் நின்றார்களாம்.

அதிலிருந்து "இது எந்த ஊருக்குச் சொன்னது?" என்பதுதான் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி. உங்கள் பக்கத்தில் எப்படி? எழுதுங்கள்.

பார்மசி அண்ணன் (பீனிக்ஸ்)

டீச்சர், இந்த 18 கதை என் கவுண்டரில் அடிக்கடி நடக்கும். ஆனால் யார் சொல்கிறார் என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வெள்ளைக் கோட்டு எந்தத் துணிக்கடையிலும் கிடைக்கும்.

எனக்கு அதைவிடப் பயம் பாகற்காய் ஜூஸ். கறி வைத்துச் சாப்பிட்டால் ஒன்றுமில்லை. இன்சுலினோ, கிளிபென்கிளமைட் மாதிரி சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்து, விரதமும் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். வீடியோக்காரர் பார்க்கிறவரைக் கேட்கவா போகிறார், நீங்கள் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று? நான் யாரோடும் வாதாடுவதில்லை. "ஆன்ட்டி, அந்த வீடியோவையும் உங்க மாத்திரைப் பெட்டியையும் சேர்த்துக் கொண்டு வாங்க" என்பேன். பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் எச்சரிக்கை உள்ள இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுப்பேன்.

இன்னொன்று. தமிழ்நாட்டிலிருந்து வரும் மாரடைப்பு வீடியோக்கள் 108-க்கு அடியுங்கள் என்று முடியும். இங்கே அடித்தால் யார் வருவார்? நம் ஆம்புலன்ஸ் எண் 10177, செல்போனிலிருந்து 112. பேரப்பிள்ளைகளை விட்டு அதைப் பெரியவர்கள் போனில் பதிய வையுங்கள், மற்ற பாடமெல்லாம் பிறகு.

மாரிட்ஸ்பர்க் மிஸ்

கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நான் இதையே 1999-இல் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குவேன். அந்த அக்டோபரில் அதிபர் தாபோ உம்பெக்கி, ஏஇசட்டி என்ற எய்ட்ஸ் மருந்து ஆபத்தானது என்று மாகாணங்களின் அவையில் பேசி, இணையத்தில் இதைப் பற்றிக் குவிந்து கிடப்பதை நீங்களே வாசியுங்கள் என்று உறுப்பினர்களிடம் சொன்னார். படிக்காத மனிதர் இல்லை அவர், பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவர். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை என்று பேசிக்கொண்டிருந்தார். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றாமல் இருக்க நெவிரபின் மருந்து கொடுங்கள் என்று 2002-இல் அரசியல் சாசன நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. மருந்து தாமதமானதால் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008-இல் கணக்கிட்டார்கள். என் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவில்லை. வீட்டில் போய்க் கேட்டு வரச் சொன்னால் மறுநாள் வகுப்பே அமைதியாகிவிடும்.

அதனால் "நிறையத் தேடினேன் மிஸ்" என்பதற்கு நான் மார்க் போடுவதில்லை. நீ நம்புவதற்கு எதிராக என்ன இருக்கிறது, அதைத் தேடி எடுத்து வா என்பேன். அவர்களுக்கு அது பிடிக்காது. நம்பகமான தளங்களின் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள் என்பார்கள். பட்டியலுக்கும் வயசாகுமே! சுவிட்சர்லாந்தில் ஹான் என்ற அமைப்பு நல்ல மருத்துவத் தளங்களுக்கு முத்திரை கொடுத்து வந்தது. 2022-ஓடு அதுவும் மூடியாயிற்று.

திருச்சி டு ஜோபர்க்

டீச்சருக்கு ஒரு தகவல். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநில அரசு தமிழ் மருத்துவத் தாள்களைத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கேயும் மில்லிமோல் கணக்குதான், நமக்குச் சரியாக வரும். அவசர எண் மட்டும் அவர்களுடையது, 000. அந்த எண்ணை நீக்கிவிட்டு அச்செடுங்கள்.

டொங்காட் தம்பி

எங்கள் குடும்ப குரூப்பில் பெரியம்மா போட்டதை ஒரு கசின் எல்லார் முன்னாலும் "பொய்" என்று எழுதினான். பெரியம்மா குரூப்பை விட்டே போய்விட்டார், தீபாவளிக்கு நேரில் போய்க் கூட்டி வந்தோம். இப்போது நான் அவருக்கு மட்டும் தமிழில் ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்புகிறேன். செய்திகள் உண்மையா என்று சரிபார்க்கும் ஆப்பிரிக்கா செக் அமைப்பு வாட்ஸ்அப் வதந்திகளுக்கு வாய்ஸ் நோட்டிலேயே நிகழ்ச்சி நடத்தியதைக் கேட்டு வந்த யோசனை. முன்பெல்லாம் பெரியம்மா உடனே எல்லாருக்கும் தட்டிவிடுவார், இப்போது முதலில் எனக்கு அனுப்பிக் கேட்கிறார். ராத்திரி பாதத்தில் வெங்காயம் கட்டும் வீடியோ மட்டும் ஓயவில்லை. கெடுதல் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

பார்மசி அண்ணன் (பீனிக்ஸ்)

பெரியம்மாவுக்குச் சர்க்கரை உண்டா தம்பி? உண்டென்றால் அதையும் விடாதீர்கள். மரத்துப்போன காலில் இறுக்கிக் கட்டினால் புண் வந்தாலும் தெரியாது. இன்றைக்கே வாய்ஸ் நோட் போடுங்கள், சாயங்காலம் போய்ப் பாதத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.